நடுங்கிய கை

1980இல் குத்துச்சண்டை வீரர் முகமது அலி சென்னைக்கு வந்ததும், நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டியில் மோதியதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மூன்று முறை உலகச் சாம்பியன். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967இல் பட்டத்தைப் பறித்தார்கள். மூன்றரை ஆண்டு மேடையேற முடியவில்லை. அதையும் தாங்கினார். நிறுத்த வேண்டிய வயதில் நிறுத்தவில்லை, அதுதான் என் வருத்தம். சென்னை வந்த அதே ஆண்டு அக்டோபரில், 38 வயதில், லாரி ஹோம்ஸிடம் பத்து சுற்று அடிவாங்கினார். 1984இல் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் சுடரை ஏற்றியபோது அவர் கை நடுங்கியதை உலகமே பார்த்தது. அவர் மறைக்கவில்லை.

நம் பங்கில், தேயிலைக் காட்டில் முப்பது ஆண்டு கவாத்து வெட்டிய ஒருவர் சில மாதமாகத் திருப்பலிக்கு வருவதில்லை. பெயர் சொல்லமாட்டேன். நற்கருணை வாங்கும்போது கை நடுங்குகிறதாம், வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்களாம். கை சூம்பியவரை இயேசு ஓரமாக அழைத்துப்போய்க் குணமாக்கவில்லை. தொழுகைக்கூடத்தின் நடுவே நிற்கச் சொன்னார்.

ஐயா, ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தால், இந்த ஞாயிறு வாருங்கள். முதல் பெஞ்சில் உட்காருங்கள். நற்கருணையோடு முதலில் உங்களிடம்தான் வருவேன்.