சைக்கிள் வந்துவிட்டது, பாதையைப் பார்த்தோமா?

(பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



அன்பார்ந்த பெற்றோர்களே! அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகச் சைக்கிள் தருகிறது. பையனின் சைக்கிள் அன்றைக்கே தெருவில் ஓடுகிறது. பெண் பிள்ளையின் சைக்கிளோ சில வீடுகளில் பூட்டியே கிடக்கிறது. கேட்டால், "ரோட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது" என்கிறார்கள். பயம் நியாயம்தான். ஆனால் பஸ் வராத நாளில் பாடம் போகிறது. ஆட்டோவுக்குக் கட்டுப்படியாகாவிட்டால் படிப்பே நின்றுபோகும்.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றார்கள். நம் சமுதாயப் பெண்களும் அதில் உண்டு. கேலி பேசியவர்களும் இருந்தார்கள். அதற்காக அவர்கள் சைக்கிளை விட்டு இறங்கிவிடவில்லை.

பயத்துக்கு மருந்து, பாதையை முன்கூட்டியே தீர்மானிப்பது. போனில் மேப் பெரும்பாலும் சீக்கிரம் போகும் வழியைக் காட்டும். நமக்கு வேண்டியது ஆபத்துக் குறைந்த வழி. காரைக்குடியின் பழைய தெருக்கள் நேர்நேராக, பக்கம் பக்கமாகப் போடப்பட்டவை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் உள்ள வீடுகளை நாம் அறிவோம். ஆகவே பஸ்ஸும் லாரியும் ஓடும் ரோட்டிலேயே முழுத் தூரமும் போக வேண்டியதில்லை. உள்தெருக்கள் வழியாக வந்து, பெரிய ரோட்டை ஒரே இடத்தில் கடந்தால் போதும்.

பள்ளிக்கூட நாளில், பள்ளிக்கூட நேரத்தில், பிள்ளையோடு ஒருமுறை போய் வாருங்கள். எங்கே குழி, எங்கே நாய்த் தொல்லை, எங்கே விளக்கில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோமீட்டர் சைக்கிளில் கால் மணி நேரம். ஒரு கிலோமீட்டர் நடக்கவும் ஏறக்குறைய அவ்வளவே. சைக்கிள் இடப்பக்கம் போகட்டும். நடைபாதை இல்லாத ரோட்டில் நடப்பவர் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்து நடக்கட்டும். ஒரே தெருப் பிள்ளைகள் சேர்ந்தே போகட்டும்.

நீங்கள் குறித்ததை எங்களிடம் கொடுங்கள். ஒன்றாகச் சேர்த்து மாநகராட்சியில் மனுக் கொடுப்போம். நம் கையில் உள்ளதை நாமே செய்வோம். பாதையில் தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானில் சேர்ந்தது என்று கற்றவர்கள் நாம். வாசலில் கொட்டிய ஜல்லியும், ஜும்ஆ நேரத்தில் ரோட்டை அடைத்து நிறுத்தும் பைக்கும் அந்தத் தொல்லைதான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாத்து, அவர்களின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.