சரித்திர ஆசிரியருக்கு எத்தகைய பயிற்சி வேண்டும்?

(சரித்திர ஆசிரியர்களின் இரண்டு நாள் பயிற்சி முகாமைத் தொடங்கி வைத்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



முப்பது வருஷம் சரித்திரம் போதித்தவன் நான். அந்தக் காலத்தில் எத்தனையோ பயிற்சி முகாம்களுக்குப் போயிருக்கிறேன். காலையில் கையெழுத்து, நடுப்பகலில் சாப்பாடு, மாலையில் சான்றிதழ். நடுவில் ஒருவர் மேடையில் நின்று படிப்பார், நாங்கள் கேட்போம். மறுநாள் வகுப்பில் நாங்கள் நின்று படிப்போம்; பிள்ளைகள் கேட்பார்கள். அதிகாரி எங்களை நடத்தியபடியே நாங்கள் பிள்ளைகளை நடத்தினோம். இதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது பயிற்சிக்குக் குறைவில்லை. 2019ல் மத்திய சர்க்கார் “நிஷ்டா” என்ற திட்டத்தைத் தொடங்கியது. 42 லட்சம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று அறிவித்தது. 2020ல் கொரோனா வந்ததும் அது கணினித் திரைக்கு மாறியது. அதே ஆண்டில் வந்த தேசியக் கல்விக் கொள்கையோ, ஒவ்வோர் ஆசிரியருக்கும் வருஷத்திற்கு 50 மணி நேரப் பயிற்சி என்று கூறுகிறது. மணிக்கணக்கு இருக்கட்டும். அந்த மணி நேரத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார்? அதுவே நமது கேள்வி.

ஒரு கல்வெட்டு போதும்

உத்திரமேரூரை எடுத்துக் கொள்வோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட சாசனங்கள் அங்கே சுவரில் இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றி நாம் என்ன சொல்லித் தருகிறோம்? “ஆயிரம் வருஷத்திற்கு முன்பே நம் நாட்டில் ஜனநாயகம் இருந்தது” என்கிறோம். மாணவன் எழுதிக் கொள்கிறான். மணி அடித்து விடுகிறது.

இந்த முகாமில் அப்படிச் செய்ய வேண்டாம். சாசனத்தின் வாசகத்தை ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து படியுங்கள். உறுப்பினராக யாருக்குத் தகுதி? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். வேதத்தில் கூடுதல் தேர்ச்சி இருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும். ஊரோ, பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட சதுர்வேதிமங்கலம்.

இனிக் கேள்வி பிறக்கும். அந்த நிலத்தை உழுதவன் பெயர் குடத்துக்குள் விழுந்ததா? நாற்று நட்டவள் பெயர் ஓலையில் ஏறியதா? நிலமில்லாதவனுக்கு அந்தச் சபையில் என்ன இடம்?

அதற்காக அந்தச் சாசனத்தை இகழ வேண்டுமா? வேண்டியதில்லை. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய உறவினரும் மறுபடி வரக்கூடாது என்று அது விதிக்கிறது. இந்த விதியை இன்று அமல் செய்தால் எத்தனை நாற்காலிகள் காலியாகும்! (சிரிப்பு.) பெருமையையும் வரம்பையும் சேர்த்துக் காண்பதுதான் சரித்திரம். ஒன்றை மட்டும் சொல்வது பிரசாரம்.

ஊரிலேயே பாடம் இருக்கிறது

தூத்துக்குடி ஆசிரியர்கள் வந்திருக்கிறீர்கள். வ.உ.சி. கப்பல் விட்டதை உங்கள் ஊர்க் குழந்தையும் அறியும். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்து, கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் பெற்றார்களே, அதை எத்தனை குழந்தை அறியும்? மார்ச் 12ல் வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கப்பல் கம்பெனி மட்டும் அல்ல, ஆலைத் தொழிலாளியோடு அவர் சேர்ந்து நின்றதும் வெள்ளை ஆட்சியை நடுங்க வைத்தது. இதற்குப் போலீஸ் அறிக்கை உண்டு, பத்திரிகைச் செய்தி உண்டு. ஒரே நிகழ்ச்சியை இரண்டும் எப்படிச் சொல்கின்றன என்று ஒப்பிடப் பழகுவதே உண்மையான பயிற்சி.

ஏன் இவ்வளவு அவசரம்?

2022ல், பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கவுன்சிலின் நூல்களில் கத்தரி வைத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு நூலில் மொகலாய அரசவை பற்றிய அத்தியாயம் போயிற்று. பதினோராம் வகுப்பு நூலில் தொழிற்புரட்சி அத்தியாயமே போயிற்று! ஆலையும் ஆலைத் தொழிலாளியும் எப்படித் தோன்றினார்கள் என்பது பிள்ளைகளுக்குச் சுமையாம்!

புத்தகத்தை மட்டும் நம்பும் ஆசிரியர், பக்கம் கிழிந்தால் ஊமையாகி விடுவார். சான்றைப் படிக்கத் தெரிந்த ஆசிரியரை அப்படி ஊமையாக்க முடியாது. ஆட்சிகள் மாறும், புத்தகங்களும் மாறும். “இதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்கப் பழகிய பிள்ளை, நம்மையும் கேட்கும். கேட்கட்டும். அதற்கு அஞ்சுகிறவர் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

ஆகவே நாம் கோர வேண்டியவை இவை:

1. பயிற்சி பள்ளி வேலை நாட்களில் நடக்க வேண்டும். விடுமுறையையும் இரவையும் பறிக்கக் கூடாது. பயணப்படி உடனே தர வேண்டும்.

2. என்ன பயிற்சி வேண்டும் என்பதை வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

3. ஒவ்வொரு முகாமிலும் ஒரு நாள், கல்வெட்டு, ஆவணக் காப்பகம், பழைய ஆலை என்று ஏதேனும் ஓர் இடத்தில் நேரில் கழிய வேண்டும்.

4. பிள்ளைகளுக்கு வைக்கும் பரீட்சையும் மாற வேண்டும். வருஷத்தை மட்டும் கேட்கும் கேள்வித்தாள் இருக்கும் வரை, எந்தப் பயிற்சியும் வகுப்பறை வாசலோடு நின்று விடும்.

நண்பர்களே! நாளை மாலை உங்களுக்குச் சான்றிதழ் தருவார்கள். வாங்கிக் கொள்ளுங்கள். ஆனால் திங்கட்கிழமை காலை முதல் பீரியடில், “அந்த நிலத்தை யார் உழுதார்கள்?” என்று உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்குமானால், அதுதான் இந்த முகாமின் சான்றிதழ்.