அமுக்குவது பேயா?

குறட்டைவிட்டு, நடுவில் மூச்சடைத்துத் திணறி எழுகிறவனைப் 'பேய் அமுக்கிற்று' என்று சொல்லித் தாயத்துக் கட்டிக் காசு பறிக்கிறார்கள். அமுக்குவது அவனுடைய நாக்கும் தொண்டைச் சதையுமேயாகும். தூக்கத்தில் அவை தளர்ந்து, 10 விநாடி, அதற்கு மேலுங்கூட மூச்சுவழியை அடைத்துவிடுகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. பகலில் வண்டியோட்டும்போதே தூங்கிவிழுகிறான். அவனைச் சோம்பேறி என்கிறோம்!

பேசுவதும் அதே தொண்டையால்தானே? வழி குறுகியிருந்தால் 'ஆ', 'ஈ' என்னும் ஓசையின் அதிர்வும் மாறக்கூடுமல்லவா? ஸ்பெயின், இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பேச்சைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரால் அவ்வித்தியாசத்தைத் தேடியிருக்கிறார்கள். இதை ஜோசியம்போல நம்பிவிட வேண்டாம். இது சல்லடை மாத்திரமே. தூங்கும்போது மூச்சை அளந்து பார்த்தால்தான் முடிவு சொல்லலாம்.

பரிகாரமும் உண்டு. 1981ல் ஆஸ்திரேலியாவில் சல்லிவன் என்னும் டாக்டர், மூக்குவழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்துவைத்தார். தாயத்து யாருடைய தொண்டையைத் திறந்தது?