பச்சோந்தியின் பேறுகாலம்



ஏமன் பச்சோந்தி என்று ஒரு வகை இருக்கிறது. தலையில் உயரமான கொண்டை இருக்கும். ஏமனும் அதை ஒட்டிய சவூதி அரேபியப் பகுதியும் அதன் தாயகம். மேலைநாடுகளில் பலர் இதை வீட்டிலேயே வளர்க்கிறார்கள்.

இதில் பெண்ணை வளர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோழியைப் போல, ஆண் துணை இல்லாமலேயே இது முட்டையிடும். அந்த முட்டைகள் பொரிக்காது. ஆனாலும் வெளியே வந்தாக வேண்டும். உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நாள் நெருங்குவது எப்படித் தெரியும்? கிளையிலேயே வாழும் பிராணி, தரையில் இறங்கி நிலைகொள்ளாமல் அலையும். இரை எடுப்பது குறையும்.

அப்போது அதற்குத் தேவை மண். ஓர் அடி ஆழத் தொட்டியில் ஈரமணலை நிரப்பி, கூண்டுக்குள் வைக்க வேண்டும். விரலால் துளையிட்டால் சரியாமல் நிற்கும் ஈரம் போதும். அது சுரங்கம் தோண்டி, 20, 40 என்று முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிடும்.

அடுத்த தேவை தனிமை. யாராவது பார்ப்பது தெரிந்தால் தோண்டுவதைப் பாதியில் நிறுத்திவிடும். கூண்டைத் துணியால் மறைத்துவிட்டு நாம் விலகி நிற்பதே பெரிய உதவி.

முட்டையிட்ட உடம்பு வற்றிப் போயிருக்கும். நிறையத் தண்ணீரும், கால்சியம் தூள் தூவிய பூச்சிகளும் கொடுக்க வேண்டும். முட்டையிடாமல், பகலிலும் கண்மூடிச் சோர்ந்து கிடந்தால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

நம் ஊர்ப் பச்சோந்தியும் மண்ணைத் தோண்டித்தான் முட்டையிடுகிறது. அதை வீட்டில் வளர்க்க வனவிலங்குச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேலியோரம் அது மண்ணைத் தோண்டுவதைக் கண்டால், கல்லெறியும் பிள்ளைகளைத் தடுங்கள். அது பேறுகாலத்தில் இருக்கும் ஒரு தாய் என்று சொல்லிக்கொடுங்கள்.