கோயிலுக்கு வெளியேயும் தமிழ் வேண்டும்



தமிழ்ச் சங்க ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பேசுவதுதான் வழக்கம். அதை அடுத்து வரும் பட்டிமன்றத்தாரிடம் விட்டுவிடுகிறேன். நாம் குடியிருக்கும் இங்கிலாந்தில் மதத்துக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் பற்றிய கேள்வி 2001இல் சேர்ந்தது. அன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் நூற்றுக்கு 72 பேர் தம்மைக் கிறித்தவர் என்றார்கள். 2021இல் அது 46 ஆகிவிட்டது. மதம் இல்லை என்று குறித்தவர்கள் 15இலிருந்து 37 ஆனார்கள். இருபதே ஆண்டுகள்!

ஆனால் அரசின் மேல்தட்டைப் பாருங்கள். மன்னர்தான் இன்றும் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர். பிரபுக்கள் அவையில் 26 ஆயர்களுக்கு இடம் உண்டு. நாடாளுமன்றம் கூடும் ஒவ்வொரு நாளும் ஜெபத்தோடுதான் தொடங்குகிறது. 2023 மே மாதம் மன்னர் சார்லஸ் முடிசூடியபோது விவிலியம் வாசித்தவர் அப்போது பிரதமராக இருந்த இந்துவான ரிஷி சுனக். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திருச்சபைப் பதவி நியமனங்கள் பற்றி மன்னருக்கு ஆலோசனை சொல்லக் கத்தோலிக்கருக்கு 1829ஆம் ஆண்டுச் சட்டமும், யூதருக்கு 1858ஆம் ஆண்டுச் சட்டமும் தடை போட்டன. இந்து ஒருவர் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஆலோசனையைச் சொல்லும் நாள் வரும் என்று அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

மேலே மதம் இப்படி இருக்க, கீழே மக்களிடையே தேவாலயங்கள் ஏன் காலியாயின? டார்வின் வந்தார், அறிவியல் வென்றது என்று சொல்வது எளிது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். நார்த்தாம்ப்டன் மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தும் 1886 வரை அவரை உள்ளே நிலையாக உட்காரவிடவில்லை. கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி எடுக்கும் உரிமைக்கு 1888இல் சட்டம் கொண்டுவந்ததும் அவர்தான். அவர் சார்ந்த நாத்திக இயக்கத்தின் அலை சென்னைக்கும் போய், அங்கே ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழ் பிறந்தது. ஆனாலும் இவ்வளவு வாதம் நடந்த அந்தக் காலத்தில் இங்கே தேவாலயங்கள் காலியாகவில்லை. ஊருக்கு ஊர் புதிதாகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

காலியாக்கியது வேறு. ஒரு காலத்தில் பிறப்பும் திருமணமும் இறப்பும் ஊர்த் தேவாலயத்தின் ஏட்டில்தான் பதிவாயின. 1538இல் தொடங்கிய வழக்கம் அது. ஏழைக்குப் படியளந்ததும், பிள்ளைக்கு எழுத்தறிவித்ததும் தேவாலயமே. 1837இல் பதிவேட்டை அரசு எடுத்துக்கொண்டது. 1870இல் அரசுப் பள்ளிகள் வந்தன. 1948இல் தேசிய மருத்துவச் சேவை வந்தது. வேலை ஒவ்வொன்றாகக் கைமாற, கடைசியில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுதான் மிஞ்சியது. பிறகு 1960களில் பெண்கள் விலகினார்கள். பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனவர்கள் அம்மாக்கள்தானே! கேலம் பிரவுன் என்ற வரலாற்றாசிரியர் பெண்கள் விலகியதையே முதன்மைக் காரணமாகச் சொல்கிறார். வேலை கைமாறியதும் அதுவும் சேர்ந்தே காரணம் என்று எனக்குப் படுகிறது. வேலை மிஞ்சிய இடத்தில் இன்றும் கூட்டம் இருக்கிறது. திருச்சபைப் பள்ளியில் இடம் வேண்டும் என்பதற்காக ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் போய் உட்காரும் பெற்றோரை நமக்குத் தெரியாதா? இந்த அவையிலேயே சிலர் சிரிக்கிறீர்கள்.

இனி நம் கதை. 2021 கணக்கெடுப்பில் வேல்சில் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர் மதம் இல்லை என்றார்கள். லண்டனில் 27 பேர்தான். நகரம்தான் முதலில் மதத்தை விடும் என்று படித்திருப்போம். இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது. அதற்குப் பெரிய காரணம் நம்மைப் போல வந்து குடியேறியவர்கள். ஈலிங்கில் கனக துர்க்கை அம்மன் வீற்றிருக்கும் கட்டடம் முன்பு ஒரு கிறித்தவ ஆலயம். அவர்கள் விட்ட இடத்தில் நாம் விளக்கேற்றினோம். சாமி மட்டும் அங்கே குடியேறவில்லை. வாடகைக்கு அறை, வேலைக்கு ஆள், பெண் பார்ப்பது, சோறு, பரதநாட்டியம், தமிழ் வகுப்பு எல்லாம் கூடவே வந்தன. ஊர்த் தேவாலயம் இந்நாட்டாருக்குச் செய்து வந்த வேலையைக் கோயில் நமக்குச் செய்தது. அகதியாக வந்திறங்கியவர்களுக்கு அதைவிட்டால் போக்கிடம் ஏது? அந்தக் கடனை நாம் மறக்கக்கூடாது.

ஆனால் இங்கேயே பிறந்த பிள்ளைக்கு அறையும் வேலையும் கோயிலில் கிடைக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கும் கைப்பேசியே போதும் என்பான். அடுத்த கணக்கெடுப்பில் அவன் எந்தக் கட்டத்தில் குறி போடுவான் என்பது அவன் உரிமை. அதில் தலையிட எனக்கு விருப்பமில்லை. என் கவலை ஒன்றுதான். தமிழ் வகுப்பைக் கோயிலோடு மட்டும் கட்டிவைத்திருந்தால், கோயிலை விடும் பிள்ளை அதே நாளில் தமிழையும் விடுவான். கத்தோலிக்கத் தமிழரும் இஸ்லாமியத் தமிழரும் இப்போதே அந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

இந்தச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் எந்த வழிபாட்டிடத்தையும் சாராத தமிழ் வகுப்பு ஒன்றை, ஊர் நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ, தொடங்குங்கள். சாமி கும்பிடும் பிள்ளையும் கும்பிடாத பிள்ளையும் அங்கே ஒரே பலகையில் உட்காரட்டும். கோயில் நிர்வாகிகளும் இதற்கு ஆசிரியர் தந்து உதவ வேண்டும். இன்றைய பொதுக்குழுவிலேயே இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுங்கள்.