சம்பளக்காரனின் பயம்

(மாணவர்களும் அரசு ஊழியர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிலம், கூலி, வன்கொடுமை பற்றிப் பேசுகிற மேடையில் மாதச் சம்பளக்காரனின் பணக் கஷ்டத்தைப் பேச வந்திருக்கிறேன். 'கை நிறைய வாங்குறவனுக்கு என்னய்யா கஷ்டம்' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கூலிக்குப் போகிறவரின் பசிக்குப் பக்கத்தில் இதை வைக்கக் கூடாது. ஆனால் நம்மில் படித்து வேலைக்குப் போன பலரை வாய்மூட வைத்திருப்பது இந்தப் பயம்தான். அதனால் பேச வேண்டியிருக்கிறது.

நான் வங்கியில் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவன். ஜூன் மாதம் வந்தால் நகைக்கடனுக்குக் கூட்டம் சேரும். பள்ளிக்கூட ஃபீஸ் கட்டணும். கூலிவேலை செய்யும் பெண்களுக்குப் பின்னால் டீச்சர் நிற்பார், நர்ஸ் நிற்பார், தாலுகா ஆபீஸ் கிளார்க் நிற்பார். அறுபதாயிரம் சம்பளம் வாங்குறவர் ரெண்டு பவுன் செயினோடு வந்து நிற்கிறார். மேல்சாதி நண்பர்கள் இதற்கு ஒரு விளக்கம் வச்சிருக்காங்க: 'இவங்களுக்குக் காசு வந்தா வச்சுக்கத் தெரியாது.' பத்திரிகைகளில் சேமிப்பு யோசனை எழுதுகிறவர்களும் கொஞ்சம் நாகரிகமாக இதையேதான் சொல்கிறார்கள்.

ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ரெண்டு பேரை எடுத்துக்குங்க. ஒரே சம்பளம். ஒருவருக்குத் தாத்தா கட்டிய வீடு இருக்கிறது, அப்பாவுக்கு பென்ஷன் வருகிறது. அவருடைய சம்பளம் முன்னால் மட்டும் போனால் போதும். நம்ம ஆளோட சம்பளம் பின்னாலயும் போகணும். அப்பா வாங்கின வட்டிக்கடன், தங்கச்சி கல்யாணம், தம்பி காலேஜ் ஃபீஸ். ஊர்ல யாருக்கு ஆஸ்பத்திரிச் செலவுன்னாலும் முதல் போன் இவருக்குத்தான். இதைச் சுமை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த மனுசங்க வயித்தக் கட்டிப் படிக்க வச்சதாலதான் சம்பளமே வருது.

அப்புறம் வீடு. டவுனில் வாடகைக்குக் கேட்டுப் போனால் 'நீங்க என்ன ஆளுங்க?' ரெண்டு நாள் கழித்து, 'சொந்தக்காரங்க வர்றாங்க தம்பி.' ஏழெட்டு வீடு இப்படிக் கைவிட்டுப் போனபிறகு கடன் வாங்கிச் சொந்தமாகக் கட்டிவிடத் துணிகிறார். 30 லட்சம், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை 26,000 ரூபாய் சொச்சம். கடன் முடியும்போது கட்டியிருப்பது 62 லட்சத்துக்கு மேல். அதில் ஒரு பங்கு சாதிக்குக் கட்டுகிற வட்டி. எந்தப் பாஸ்புக்கிலும் அது அந்தப் பெயரில் ஏறாது.

சம்பளம் வேறு, சொத்து வேறு. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் நமக்கென்று ஒதுக்கப்பட்டது பஞ்சமி நிலம். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்கிறார்கள். நம்மவரைத் தவிர யாருக்கும் விற்கக் கூடாது என்று நிபந்தனை வேறு. இன்று அது யார் யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள். பின்னால் ஒரு ஏக்கர் இருக்கிறவன் வேலையை நினைத்து நடுராத்திரியில் எழுந்து உட்கார மாட்டான். நம்ம வீட்டில் வேலைதான் நிலம், வேலைதான் வீடு. ஓய்வூதியம் என்று ஒரு பிடிமானம் இருந்தது. தமிழக அரசில் 2003 ஏப்ரல், மத்திய அரசில் 2004 ஜனவரி, அரசு வங்கிகளில் 2010 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களைப் பழைய திட்டத்துக்கு வெளியே நிறுத்தினார்கள்.

இப்ப ஆபீசில் ஒரு அவமானம் நடக்குது. புகார் எழுதணும். பேனாவை எடுத்த கை தவணைத் தேதியை நினைக்கும். அரசு ஊழியரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தால் பிழைப்பூதியம் ஏறக்குறைய பாதிச் சம்பளம். தவணையை யாரும் பாதியாக்குவதில்லை. இதெல்லாம் மேலதிகாரிக்கு நன்றாகத் தெரியும். மாணவத் தோழர்கள் 'வேலைக்குப் போனதும் அண்ணனுங்க கூட்டத்துக்கே வர்றதில்ல' என்று கோபப்படுகிறீர்கள். கோபம் சரி. ஆனால் அண்ணனிடம் கொள்கையைக் கேட்பதற்கு முன்னால் அவருடைய கடனைக் கேளுங்கள்.

எங்க வங்கிச் சங்கமும் சம்பள உயர்வைப் பேசும், இதைப் பேசாது. நாம்தான் செய்யணும். மாசம் ஐநூறு ரூபாய் போட நாற்பது பேர் இருந்தால் இருபதாயிரம். புகார் கொடுத்து சஸ்பெண்ட் ஆகிற ஒரு தோழரின் தவணையில் பெரும்பகுதியை அது தாங்கும். பேரைக் கூட்டம் முடிஞ்சு வெளியே எழுதிக்கலாம். நோட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். வரவு செலவு நானே எழுதுறேன்.