காலாவதியாகும் சான்றிதழ்



நான் வசிக்கும் அஸ்தினாபுரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை அதிகத் தொலைவில் இல்லை. அச்சாலையில் இரவென்றும் பகலென்றும் பாராமல் '108' ஊர்தி ஒலியெழுப்பி விரைகிறது. 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் மாநிலத்தில் தொடங்கிய சேவை அது. ஊர்தி மருத்துவமனை வாயிலில் நின்றதும் நோயாளியை முதலில் எதிர்கொள்பவர் பெரும்பாலும் ஒரு செவிலியரே. அவர் பெற்றிருக்கும் சான்றிதழைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

செவிலி என்ற சொல் சங்கப் பாடல்களில் தலைவியை வளர்த்த தாயைக் குறிக்கும். அந்தத் தாயிடம் எவரும் பதிவெண் கேட்டதில்லை. நம் காலத்துச் செவிலியருக்கோ அன்பு மட்டும் போதாது. 1926-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் செவிலியரைப் பதிவு செய்வதற்கு ஒரு சட்டம் பிறந்தது. அதன்வழி வந்த தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் இன்றும் அப்பதிவேட்டைக் காத்து வருகிறது. நாடு முழுவதற்கும் ஒரே தரம் வேண்டுமென்று 1947-இல் இந்திய செவிலியர் குழுமத்திற்கான சட்டம் வந்தது; அச்சட்டத்திற்கு மாற்றாக 2023-இல் புதிய சட்டம் ஒன்றும் நிறைவேறியிருக்கிறது.

மூன்றாண்டுப் பட்டயமோ நான்காண்டுப் பட்டமோ பெற்றுப் பதிவு செய்துகொண்டவர், பணி அனுபவத்திற்குப் பின் அவசர சிகிச்சைச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயம் பயிலலாம். எதற்கு இந்தத் தனிப்படிப்பு? ஒரே சமயத்தில் ஐவர் வந்தால் யாரை முதலில் கவனிப்பது என்று சில நிமிடங்களில் முடிவு செய்ய வேண்டும். உரக்கக் கதறுகிறவர் பிழைத்துக் கொள்ளலாம். ஓசையின்றிக் கிடப்பவரே ஆபத்தில் இருப்பவராயிருக்கலாம். நம் அரசு மருத்துவமனைகளின் விபத்து அவசர சிகிச்சைத் திட்டத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளை வகைப்படுத்துகிறார்கள். வகை தவறினால் காலமும் தவறும்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்திற்கு வருகிறேன். நின்றுபோன இதயத்தை மீண்டும் இயக்க மார்பை அழுத்தும் முறையைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 15 முறை மார்பை அழுத்தி 2 முறை மூச்சு ஊத வேண்டுமென்று முன்னர் கற்பித்தார்கள். 2005-இல் அந்த 15 என்பது 30 ஆயிற்று. 2010-இல் வரிசையே மாறிற்று. அதற்கு முன்பு சுவாசப் பாதையைச் சீர்செய்து மூச்சு ஊதிய பின்னரே மார்பை அழுத்தினார்கள். இப்போது முதலில் மார்பை அழுத்துகிறார்கள். காரணம் எளியது. திடீரென இதயம் நின்றவரின் இரத்தத்தில் பிராணவாயு சில நிமிடங்களுக்கு இருக்கும்; இல்லாதது இரத்த ஓட்டமே. 2000-இல் நன்றாகத் தேறிய ஒருவர் பிறகு ஒன்றும் கற்காதிருந்தால், அன்று கற்ற பிழையற்ற பாடமே இன்று பிழையாகிவிடும் அன்றோ?

ஆகவேதான் இந்த உயிர்காப்புப் பயிற்சிக்கு அமெரிக்க இதயச் சங்கம் தரும் சான்று இரண்டே ஆண்டுகள் செல்லும். அந்நாட்டில் அவசரச் செவிலியருக்கென 1980-இல் தொடங்கிய தேர்வின் சான்றையும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இங்கே செவிலியர் பதிவைப் புதுப்பிக்க, ஐந்து ஆண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டுமென்று இந்திய செவிலியர் குழுமம் வகுத்தது.

சைதாப்பேட்டையில் நான் பெற்ற ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழை, ஓய்வு பெறும் வரையில் எவரும் புதுப்பிக்கச் சொன்னதில்லை. பாடத்திட்டமோ பலமுறை மாறிற்று. பழைய முறையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் மாணவன் நாலு மதிப்பெண் இழப்பான், அவ்வளவுதான்.

ஆயினும் மணிக்கணக்கைப் பற்றி எனக்கொரு மனக்குறை உண்டு. சொற்பொழிவு அரங்கில் அமர்ந்திருந்த நேரமும் கற்ற நேரமும் ஒன்றல்ல. நாற்பது ஆண்டுகள் வகுப்பறையைப் பார்த்தவனுக்கு இது தெரியாதா? பயிற்சிப் பொம்மையின் மார்பை 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு நூறு முறைக்குக் குறையாமல் அழுத்திப் பழகினால்தான் கைக்கு அது வரும். இரவுப் பணி முடித்து, வீட்டில் குழந்தைகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிற செவிலியர், ஆண்டுக்கு 30 மணி நேரத்தை எங்கே தேடுவார்? அதனைப் பணி நேரத்திற்குள்ளேயே ஒதுக்கித் தருவது மருத்துவமனை நிர்வாகங்களின் பொறுப்பு என்பேன். பொம்மையும் ஓர் அறையும் இருந்தால், பணி மாறும் வேளையில் கால்மணி நேரம்கூடப் பயன்படும்.